ஓஎஸ் ரிலீஸுக்கு தேதி குறிக்கறது எப்படி? டீம்ல புதுசா சேர்றவங்களுக்கு

டெபியன்ங்கற லினக்ஸ் ஓஎஸ் (கம்ப்யூட்டரை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்) வெச்சு வேலை பண்ற எங்க டீம்ல புதுசா யார் சேர்ந்தாலும் மொத வாரம் ஒரு கேள்வி வரும். "அண்ணா, டெபியன் 13 வந்து இவ்ளோ நாள் ஆச்சு, நாம இன்னும் ஏன் 12லயே குந்திகினு இருக்கோம்?" ரெண்டாவது வாரம் எங்கயாவது ஒரு கடையில ரசீது பிரிண்டர் நின்னுரும், உடனே அதே ஆளு "நல்லா ஓடிகினு இருந்ததுக்கு எதுக்குண்ணா அப்டேட் விட்டோம்"னு கேப்பாரு. ரெண்டும் நியாயமான கேள்வி தான், ஆனா ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி சொல்லி வாய் வலிச்சு போனதால எழுதியே வெச்சுடலாம்னு.

நாங்க பண்றது ஒண்ணும் பெரிய சமாச்சாரம் இல்ல. டெபியனை எடுத்து அதுல தமிழ்99 கீபோர்டு, ஃபான்ட், பில்லிங், பிரிண்டர் டிரைவர் எல்லாம் சேத்து ஒரு இமேஜ் (அப்படியே மெஷின்ல போடற மாதிரி மொத்த ஓஎஸ்ஸும் ஒரே ஃபைலா) பண்றோம், அதை நம்ம வேலூர் சுத்தி சத்துவாச்சாரி, காட்பாடி, குடியாத்தம், மேல்விஷாரம் பக்கம் கடைங்களுக்கும் சில ஸ்கூல் லேபுக்கும் போட்டு குடுக்கறோம். சின்ன கடை தான், ஆனா உபுண்டுன்னு பெரிய லினக்ஸ் ஓஎஸ் விடறானே, அவனுக்கு இருக்கற அதே தலைவலி நமக்கும் இருக்கு. எப்போ புதுசு விடறது, எவ்ளோ புதுசு விடறது.

மொதல்ல ஸ்டேபிள்னா இன்னான்னு புரிஞ்சுக்கங்க

ஸ்டேபிள்னா பக் (சாஃப்ட்வேர்ல இருக்கற தப்பு) இல்லாததுன்னு நிறைய பேர் நினைச்சுகினு இருக்காங்க. அது இல்ல. ஸ்டேபிள்னா மாறாதது. இன்னிக்கு எந்த பட்டன் எங்க இருக்கோ ரெண்டு வருஷம் கழிச்சும் அங்கயே இருக்கும், இன்னிக்கு இருக்கற பக் கூட சில சமயம் அங்கயே இருக்கும்! 2006ல டெபியன்ல ஓபன்எஸ்எஸ்எல்னு தகவலை பூட்டி அனுப்பற ஒரு பேக்கேஜ்ல (சாஃப்ட்வேர் பொட்டலம்) ஒரு சின்ன மாற்றம் பண்ணாங்க, அதனால பூட்டுக்கான கீ உருவாக்கறப்போ வரவேண்டிய ரேண்டம் தன்மையே போயிடுச்சு, ஒரே அளவு, ஒரே வகை கீன்னா மொத்தமே 32 ஆயிரத்து சொச்சம் தான் வரும்ங்கற நிலைமை. அது ஸ்டேபிள்லயும் போய் உக்காந்து, 2008 மே மாசம் தான் வெளிய தெரிஞ்சுது. உலகம் முழுக்க கீயை மாத்தினாங்க. அதனால பழசுலயே இருந்தா சேஃப்னு யாராவது சொன்னா தலைய ஆட்டிட்டு விட்டுராதீங்க.

அதே மாதிரி இன்னொரு குழப்பம். பாதுகாப்பு அப்டேட் வேற, புது வசதி வேற. டெபியன் ஸ்டேபிள்ல ஓட்டை கண்டுபிடிச்சா பொதுவா புது வெர்ஷனை தூக்கி போட மாட்டாங்க, ஓட்டைய அடைக்கற அந்த நாலு வரிய மட்டும் எடுத்து பழைய வெர்ஷன்லயே ஒட்டுவாங்க, இதுக்கு பேரு பேக்போர்ட். வெர்ஷன் நம்பர் பழசாவே தெரியும், கடைசியில மட்டும் ஒரு சின்ன வால் சேரும். ஒரு தடவ ஆடிட்டுக்கு வந்தவரு ஸ்கேனர்ல நம்பரை மட்டும் பாத்துட்டு "உங்க சர்வர் ரொம்ப பழசு, ஆபத்து"ன்னு சிகப்பு மையில எழுதி குடுத்துட்டு போனாரு, அந்த வாலை காட்டி புரிய வெக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு, காபி செலவு வேற. பாதுகாப்பு அப்டேட்டுக்கு ரிலீஸ் தேதியெல்லாம் கிடையாது, வந்த உடனே போகணும். கீழ நான் சொல்றது முழுக்க புது வசதிக்கான தேதி பத்தி தான்.

ஸ்டெப் 1: காலண்டரை எடுங்க, கம்ப்யூட்டரை இல்ல

தினசரி காலண்டர் ஒண்ணை எடுத்து தொட கூடாத வாரங்கள மொதல்ல அடிச்சுடுங்க. எங்க ஏரியாவுக்கு எங்க லிஸ்ட் இது: மார்ச் முழுக்க கிடையாது, ஸ்கூல்ல பப்ளிக் எக்ஸாம், கடையில வருஷ கணக்கு முடிக்கற மாசம். ஏப்ரல் மொத வாரம் புது கணக்கு. வைகாசி 1 வந்தா குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு திருவிழா, அந்த வாரம் அங்க யாரும் போனே எடுக்க மாட்டாங்க, எடுத்தாலும் பம்பை சத்தத்துல ஒண்ணும் கேக்காது. ஆடி தள்ளுபடி, அப்புறம் தீபாவளிக்கு முன்னாடி ஒரு மாசம், பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு வாரம். கத்திரி வெயில்ல நம்ம ஊரு எப்படி கொதிக்கும்னு தெரியும், கரண்ட் எப்போ போகும் எப்போ வரும்னு சொல்ல முடியாது, பாதி அப்டேட்ல கரண்ட் போன மெஷினை எழுப்பறது செத்தவனை எழுப்பற வேலை.

இதெல்லாம் போக மிச்சம் இன்னா இருக்கு? மே கடைசி வாரம் ஸ்கூல் லேபுக்கு, பசங்க ஜூன்ல வர்றதுக்குள்ள. கடைங்களுக்கு ஆடி முடிஞ்சு செப்டம்பர், இல்லன்னா பொங்கல் முடிஞ்சு பிப்ரவரி. அவ்ளோ தான். நீங்க எவ்ளோ பெரிய புத்திசாலியா இருந்தாலும் ஸ்கூலுக்கு வருஷத்துக்கு ஒண்ணு, கடைக்கு ரெண்டு ஜன்னல் தான் தொறக்கும். வேற ஊரு ஆளா இருந்தா உங்க திருவிழாவ போட்டுக்கங்க.

ஸ்டெப் 2: தேதிய குறிங்க, வசதிய குறிக்காதீங்க

இந்த ஒண்ணு மட்டும் மண்டையில ஏறினா போதும், மத்ததெல்லாம் தானா வரும். "இந்த மூணு வசதி முடிஞ்சதும் ரிலீஸ்"னு சொன்னா அந்த ரிலீஸ் வராது. "செப்டம்பர் ரெண்டாவது செவ்வாய் ரிலீஸ், அதுக்குள்ள முடிஞ்சது ஏறும், முடியாதது அடுத்ததுல ஏறும்"னு சொல்லணும்.

ஏன்னு கேட்டா பழைய பஸ் ஸ்டாண்டுக்கு போய் ராத்திரி நில்லுங்க. சாயங்காலம் கால் மணிக்கு ஒரு பஸ் வர்ற வரைக்கும் யாரும் ஓட மாட்டாங்க, ஒண்ணு போனா அடுத்தது. ஒடுகத்தூர் கடைசி பஸ்ஸுன்னு தெரிஞ்சா தான் மூட்டை, கோழி, குழந்தை எல்லாத்தோடயும் புட்போர்டுல தொங்குவாங்க. சாஃப்ட்வேர் எழுதறவனும் அதே மனுஷன் தான். அடுத்த ரிலீஸ் ரெண்டு வருஷம் கழிச்சுன்னு தெரிஞ்சா பாதி வெந்ததை கூட உள்ள தள்ளிட்டு போயிடுவான்.

லினக்ஸ் கெர்னல்ல (ஓஎஸ்ஸோட நடு பாகம், மெஷினை ஓட்டறதே அது தான்) இதை பாடமாவே கத்துகிட்டாங்க. 2.4 வந்தது 2001 ஜனவரி, 2.6 வந்தது 2003 டிசம்பர், கிட்டத்தட்ட மூணு வருஷம். நடுவுல 2.5ன்னு ஒரு சோதனை கிளை, புதுசெல்லாம் அதுல. ஆனா ஜனங்களுக்கு அந்த புதுசு உடனே வேணும், அதனால ஒவ்வொரு லினக்ஸ் கம்பெனியும் 2.5ல இருந்து பிச்சு பிச்சு எடுத்து தன்னோட 2.4ல ஒட்டிகிச்சு, கடைசியில பேரு தான் 2.4, ஒவ்வொருத்தன் கிட்டயும் வேற வேற கெர்னல். ஸ்டேபிளா இருக்கணும்னு இழுத்து பிடிச்சதே ஸ்டேபிளை கெடுத்துடுச்சு. இப்போ எப்படின்னா ரெண்டு வாரம் கதவு தொறந்திருக்கும், புதுசெல்லாம் அப்போ உள்ள வரும், கதவு சாத்தினதும் வாரம் ஒரு சோதனை வெர்ஷன், பக் சரி பண்றது மட்டும், ஒம்போது பத்து வாரத்துல ரிலீஸ். தவறினா ரெண்டு மாசம் காத்திருந்தா போதும், அதனால யாரும் தொங்கறது இல்ல.

டெபியன் வேற மாதிரி, "ரெடி ஆனா தான் விடுவோம்"ங்கற ஆளுங்க. அதுக்கு மரியாதை இருக்கு, ஆனா அவங்களும் 2002 ஜூலைல ஒண்ணு விட்டுட்டு அடுத்ததை 2005 ஜூன்ல தான் விட்டாங்க, மூணு வருஷம்! அப்புறம் பாடம் கத்துகினு இப்போ கிட்டத்தட்ட ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. உபுண்டு 2004 அக்டோபர்ல ஆரம்பிச்சதுல இருந்தே ஏப்ரல், அக்டோபர்னு ஆறு மாச கணக்கு, வெர்ஷன் நம்பரே வருஷமும் மாசமும் தான். ஒரே ஒரு தடவ தள்ளினாங்க, 2006 ஏப்ரல்ல வர வேண்டியது ஆறு வாரம் தள்ளி ஜூன்ல வந்துச்சு, அதான் 6.06. அது நீண்டகால ஆதரவுன்னு அவங்க விட்ட மொத வெர்ஷன், மெருகேத்தணும்னு தள்ளினாங்க. ஆக தேதிய தள்ளவே கூடாதுன்னு இல்ல, தள்ளினா இன்னாத்துக்கு தள்றோம்னு ஒரு வரியில சொல்ல முடியணும்.

அந்த ஒரு வரிய எப்போ எழுதறது? முன்னாடியே. ஃபெடோரான்னு இன்னொரு லினக்ஸ் ஓஎஸ், அந்த ஆளுங்க இன்னா பண்றாங்கன்னா எந்தெந்த பக் இருந்தா ரிலீஸ் நிக்கும்னு மொதல்லயே எழுதி வெச்சுடறாங்க, கடைசியில போகலாமா வேணாமான்னு ஒரு மீட்டிங், லிஸ்ட்ல இருக்கற பக் இருந்தா ஒரு வாரம் தள்ளும், இல்லன்னா போயிடும். நாங்களும் அதை பாத்து எழுதினோம், அஞ்சே வரி: பூட் ஆகணும், பிரிண்ட் வரணும், தமிழ் டைப் ஆகணும், பழைய பில் தொறக்கணும், நெட் வரணும். டெஸ்க்டாப் கலர் சரியில்லன்னு எவனாவது ரிலீஸை நிறுத்த சொன்னா அந்த பேப்பரை காட்டுவேன்.

ஸ்டெப் 3: யாருக்கு எந்த வேகம்

எல்லாருக்கும் ஒரே வேகம் ஒத்து வராது. உபுண்டுல ரெண்டு வருஷத்துக்கு ஒரு எல்டிஎஸ் (மேல சொன்ன நீண்டகால ஆதரவு வெர்ஷன்), அஞ்சு வருஷம் ஆதரவு, நடுவுல வர்றதுக்கெல்லாம் ஒம்போதே மாசம். ஃபெடோரா சுமார் 13 மாசம். மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 10க்கு வருஷம் ரெண்டு பெரிய அப்டேட் விட்டு பாத்துட்டு அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு கொறச்சுகிச்சு.

பில்லிங் மெஷினுக்கு எல்டிஎஸ் மாதிரி மெதுவா போறது தான். காலேஜ் பசங்க, புது லேப்டாப் வெச்சிருக்கறவங்களுக்கு அது ஒத்து வராது, போன மாசம் வாங்கின லேப்டாப்புல ரெண்டு வருஷம் பழைய கெர்னலை போட்டா வைஃபையே தெரியாது. இதுக்கும் நடு வழி இருக்கு, அடி பாகம் எல்லாம் பழசு, கெர்னல் மட்டும் புதுசு, டெபியன்ல பேக்போர்ட்ஸ்னு தனி இடத்துல இருந்து எடுக்கலாம் (மேல சொன்ன ஓட்டை அடைக்கற பேக்போர்ட் இல்ல, புது வெர்ஷனையே ஸ்டேபிளுக்கு கட்டி வெக்கற இடம்), உபுண்டு எல்டிஎஸ்க்கு அவங்களே புது கெர்னலை நடுநடுவுல குடுக்கறாங்க. பழசு தான் நல்லதுன்னு பிடிவாதம் பிடிக்கறவங்க இந்த வைஃபை இல்லாத பையன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்.

உபுண்டுல இன்னொரு விஷயம் கவனிங்க, பழைய எல்டிஎஸ்ல இருக்கறவங்களுக்கு புது எல்டிஎஸ் ஏப்ரல்ல வந்தாலும் "அப்கிரேடு பண்றியா"ன்னு உடனே கேக்காது, .1 வெர்ஷன் வந்தப்புறம் தான் கேக்கும், சில மாசம் ஆகும். நாங்களும் அதே கணக்கு தான். டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9. மொத பாயின்ட் ரிலீஸ் (திருத்தமெல்லாம் சேத்து விடற .1) வராம, அதுக்கப்புறம் மேல சொன்ன ஜன்னலும் தொறக்காம எங்க கடை மெஷின் எதையும் தொட மாட்டோம். மொத வாரம் கேட்ட கேள்விக்கு பதில் இதான்.

ஸ்டெப் 4: ஃப்ரீஸ்

இங்க தான் சண்டை வரும், அதனால கொஞ்சம் நிதானமா படிங்க. ஃப்ரீஸ்னா கதவை ஒரேயடியா சாத்தறது இல்ல, கொஞ்சம் கொஞ்சமா சாத்தறது. டெபியன் 13க்கு அவங்க பண்ணதை பாருங்க: 2025 மார்ச் 15ல இருந்து பல பேக்கேஜை ஒண்ணா பாதிக்கற பெரிய மாற்றம் கூடாது. ஏப்ரல் 15ல இருந்து சின்ன சின்ன திருத்தம் மட்டும். மே 15ல இருந்து இன்னும் இறுக்கம், முக்கியமான பேக்கேஜ் எல்லாம் ஆள் பாத்து அனுமதிச்சா தான் உள்ள போகும். ஜூலை 27ல முழுசா சாத்தியாச்சு. ஆகஸ்ட் 9 ரிலீஸ். அஞ்சு மாசம்! புதுசா வர்றவங்களுக்கு இது சோம்பேறித்தனமா தெரியும். அந்த அஞ்சு மாசம் தான் ஸ்டேபிளை தயார் பண்ற நேரம், அதுக்கு முன்னாடி நடந்தது வெறும் சேர்க்கறது.

காத்திருந்ததால தப்பிச்ச கதை ஒண்ணு இருக்கு, 2024 மார்ச் 29. எக்ஸ்இசட்னு ஒரு சுருக்கற கருவி, எல்லா லினக்ஸ்லயும் உண்டு. அதோட 5.6.0, 5.6.1 வெர்ஷன்ல யாரோ வேணும்னே பின்வாசல் (திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) வெச்சிருந்தாங்க. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு டெவலப்பர் எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து இன்னொரு மெஷினுக்குள்ள போற வழி) லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்ட போய் கண்டுபிடிச்சாரு. அரை செகண்ட், நாமளா இருந்தா நெட் ஸ்லோன்னு விட்டிருப்போம். டெபியன்ல சோதனை கிளைங்க வரைக்கும் வந்துடுச்சு, ஸ்டேபிளுக்கு வரல. உபுண்டு 24.04க்கு அப்போ பீட்டா (ஃபைனலுக்கு முன்னாடி விடற சோதனை வெர்ஷன்) நேரம், சந்தேகப்பட்ட பேக்கேஜை எல்லாம் மறுபடி கட்டணும்னு பீட்டாவ ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 11க்கு வெச்சாங்க, ஆனா ஃபைனல் ஏப்ரல் 25 குறிச்ச தேதியிலயே வந்துச்சு. எப்படி முடிஞ்சுது? அட்டவணைல மூச்சு விட இடம் இருந்துச்சு. நீங்க அட்டவணை போடறப்போ கடைசி மூணு வாரத்துல வேலையே போடாதீங்க, காலியா விடுங்க, அதுல எப்படியும் ஒண்ணு வந்து உக்காரும்.

எங்க அளவுக்கு ஆறு வாரம் ஃப்ரீஸ் போதும். அதுக்குள்ள "அண்ணா ஒரே ஒரு சின்ன மாற்றம்"னு வருவீங்க. அந்த வார்த்தைய கேட்டாலே எனக்கு வயித்த கலக்கும்.

எதையாவது எடுக்கறதா இருந்தா

சேர்க்கறதை விட எடுக்கறதுக்கு தான் அதிக நாள் நோட்டீஸ் வேணும். டெபியன் 13ல 32-பிட் பிசிக்கு (பழைய வகை ப்ராசஸர் இருக்கற பெட்டி) கெர்னலும் இல்ல, இன்ஸ்டாலரும் இல்ல. 12 தான் அதுக்கு கடைசி. நம்ம பக்கம் ஸ்கூல் லேப்ல இன்னும் அந்த மாதிரி பழைய பெட்டி இருக்கு. தலைமை ஆசிரியர் கிட்ட போய் ஜூன் மாசம் சொன்னா அவரு எங்க போவாரு காசுக்கு? ஒரு வருஷம் முன்னாடியே எழுத்துல குடுத்துடுங்க, கையெழுத்தும் வாங்கிக்கங்க. உபுண்டுவே 2019ல 32-பிட் பேக்கேஜ் மொத்தத்தையும் தூக்கறோம்னு சொல்லி, கேம் ஆடறவங்க எல்லாம் கொதிச்செழுந்ததும் கொஞ்சத்தை மட்டும் விட்டு வெச்சாங்க.

ஸ்டெப் 5: கொஞ்சம் கொஞ்சமா விடுங்க

இது நான் அடிபட்டு கத்துகிட்டது. சில வருஷம் முன்னாடி ஒரு ஜவுளிக்கடை, ஒரு டஜன் பில்லிங் கவுன்டர். எங்க டேபிள்ல எல்லாம் நல்லா ஓடுச்சு, சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தினதும் அத்தனை மெஷினுக்கும் ஒரே நேரத்துல விட்டேன். ஞாயித்துக்கிழமை காலைல, ஆடி மாசம் வேற, எந்த பிரிண்டர்லயும் தமிழ் வரல, கட்டம் கட்டமா வருது. எங்க டேபிள்ல இருந்தது புது பிரிண்டர், கடையில இருந்தது அதோட பழைய மாடல், பாக்க ரெண்டும் ஒண்ணு தான். முதலாளி வயசானவரு, கோவப்படவே இல்ல. "இன்னாப்பா பண்ண, நேத்து வரிக்கும் நல்லா தானே ஓடிகினு இருந்துச்சு"ன்னு மட்டும் கேட்டாரு. அன்னிக்கு முழுக்க கையால பில் எழுதினோம், நானும் ஒரு புக்கை எடுத்துகினு உக்காந்து எழுதினேன்.

அதுல இருந்து எங்க வழக்கம்: மொத நாள் எங்க ஆஃபீஸ் மெஷின். ஒரு வாரம் கழிச்சு ஒவ்வொரு கடையிலயும் ஒரே ஒரு கவுன்டர், அதுவும் கூட்டம் கம்மியா இருக்கற கவுன்டர். இன்னொரு வாரம் கழிச்சு பாதி. அப்புறம் மிச்சம். எப்பவும் செவ்வாய் இல்லன்னா புதன் காலைல, வெள்ளிக்கிழமை கிடையவே கிடையாது. 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை தான் க்ரவுட்ஸ்ட்ரைக் கோளாறு, அது ஓஎஸ் ரிலீஸ் கூட இல்ல, பாதுகாப்பு சாஃப்ட்வேரோட ஒரு சின்ன ஃபைல், எல்லா மெஷினுக்கும் ஒண்ணா போச்சு, 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துதுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்கு சொல்லுச்சு. உபுண்டு சாதாரண அப்டேட்டையே பத்து பத்து சதவீதமா தான் விடுது. அப்டேட் பண்றப்போ சில பேக்கேஜ் நிறுத்தி வெச்சிருக்குன்னு வந்தா பயப்படாதீங்க, உங்க முறை இன்னும் வரல.

கொஞ்சம் பேருக்கு விட்டா மட்டும் பத்தாது, அவங்க சொல்றதை கேக்கணும். 2018 அக்டோபர் 2ல விண்டோஸ் 10 அப்டேட் ஒண்ணு வந்துச்சு, சில பேருக்கு டாக்குமென்ட் ஃபைலே அழிஞ்சு போச்சு, சில நாள்லயே நிறுத்திட்டு நவம்பர் 13ல தான் திரும்ப விட்டாங்க. இதுல வயிறு எரியற விஷயம், சோதனை பண்ணவங்கள்ல சில பேர் இதை முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சொன்னவங்க எண்ணிக்கை கம்மி, அதனால லிஸ்ட்ல அடியில போயிடுச்சு. அப்புறம் தான் எவ்ளோ மோசமான பக்னு குறிக்கற இடத்தையே சேத்தாங்க. அதனால நம்ம நோட்டுல பக் எழுதறப்போ எத்தனை பேர் சொன்னாங்கங்கறதை ரெண்டாவதா எழுதுங்க. மொதல்ல எழுத வேண்டியது, இது நடந்தா திரும்ப கொண்டு வர முடியுமா முடியாதா. ஐகான் கோணலா இருக்குன்னு நாப்பது பேர் சொல்வாங்க, பில் அழிஞ்சுதுன்னு ஒரே ஒரு அம்மா மெதுவா வந்து சொல்வாங்க. அந்த அம்மாவுக்காக ரிலீஸ் நிக்கணும்.

ஸ்டெப் 6: திரும்பி வர வழி

அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் (மெஷின் அப்போ இருக்கற நிலைமைய அப்படியே சேமிச்சு வெக்கறது), பழைய கெர்னலை அழிக்காம விடறது, பழைய இமேஜ் பென்டிரைவ்ல கடையிலயே ஒண்ணு. எங்க ஆஃபீஸ்ல வெச்சா பாலாத்து பாலத்துல டிராஃபிக்ல நீங்க நிக்கறப்போ கடைக்காரர் போன் மேல போன் போடுவாரு. திரும்பி வர எவ்ளோ நேரம் ஆகுதுன்னு ஒரு தடவ வாட்ச் வெச்சு பண்ணி பாருங்க, எங்களுக்கு மொத தடவ 3 மணி நேரம் ஆச்சு, இப்போ 25 நிமிஷம்.

கடைசியா ஒரு ஸ்டிக்கர்

ஒவ்வொரு சிபியு மேலயும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கர்ல எழுதுங்க: எந்த வெர்ஷன், என்னிக்கு போட்டது, ஆதரவு என்னிக்கு முடியுது. டெபியன் 12க்கு வழக்கமான ஆதரவு 2026 ஜூன், நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரைக்கும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 முடிஞ்சப்போ அது முடிஞ்சதே தெரியாம எத்தனை பேர் வந்து நின்னாங்க தெரியுமா. ஸ்டிக்கர் இருந்தா கடைக்காரரே கேப்பாரு. அந்த ஜவுளிக்கடை முதலாளி இப்போல்லாம் நான் உள்ள நுழைஞ்சதும் கண்ணாடிய மாட்டிகினு ஸ்டிக்கரை படிச்சுட்டு தான் பேசறாரு, "இன்னும் நாள் இருக்குல்ல, ஆடி போகட்டும் அப்பால பாத்துக்கலாம்"னு அவரே தேதி சொல்லிடறாரு.